விளக்குப் பாட்டுக்கு நான் போட்ட எக்கோ

ஓய்வு பெற்ற மனிதனின் கையில் கொடுக்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பதவி. இன்னொன்று, மைக். முதலாவதால் தெரு கெடும், இரண்டாவதால் குடும்பம் கெடும். நான் இரண்டையும் ஒரே வருடத்தில் வாங்கினேன். சங்கம் எப்படியோ பிழைத்துக்கொண்டது.

என் உத்தியோகம் மின் நிலையத்தில். எந்த வால்வை எப்போது திறக்க வேண்டும், திறந்ததை யாரிடம் சொல்ல வேண்டும், அவர் காதில் விழவில்லை என்றால் எப்படித் திரும்பச் சொல்ல வேண்டும் என்று நடைமுறை எழுதுவதுதான் வேலை. நான் எழுதிக் கொடுக்காமல் அங்கே எந்தக் கொதிகலனும் கொதிக்காது என்பது என் நம்பிக்கை. (நான் ஓய்வு பெற்ற மறுநாளும் அது கொதித்தது. இன்னும் அதை நான் மன்னிக்கவில்லை.) ராசிபுரத்தில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு, நடைமுறை எழுத ஒன்றும் கிடைக்காமல், வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்வது எப்படி என்று இணையத்தில் படிக்க ஆரம்பித்தேன். மைக் வந்தது, ஹெட்போன் வந்தது, கணினியில் அதற்கான மென்பொருளும் ஏறியது. பாடத்தான் ஆள் வேண்டும்.

ஆள் வீட்டிலேயே இருந்தாள். என் மனைவி பாக்கியம் பாத்திரம் துலக்கும்போதும் துணி மடிக்கும்போதும் பாடுவாள். பக்கத்து வீட்டம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்பார். எனக்குத்தான் அத்தனை வருடம் அதற்கு நேரம் இருந்ததில்லை.

பாக்கியத்துக்குக் கூடப் பிறந்தவர் ஒரே அண்ணன், நாமக்கல் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். அவரும் இவளும் பல வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. பாகம் பிரித்தபோது, கிணற்றுத் தண்ணீரில் இவளுக்கும் முறை உண்டு என்று பத்துப் பேர் நடுவில் எழுந்து நின்று விதிகளை விளக்கியவன் நான். சட்டப்படி நான் சொன்னது ஒவ்வொன்றும் சரி. அதனால்தான் பேச்சு அடியோடு நின்றது.

அப்படிப்பட்ட மச்சான், ஒரு நாள் தாம்பாளத்தில் பழமும் பத்திரிகையுமாக வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார்.

"பழசெல்லாம் உடு அம்முணி. புது ஊட்டுக்குப் பால் காச்சறோம். பொறந்தவ நீ வந்துதான் அடுப்பைப் பத்த வெக்கோணும். அம்மா வெளக்கு வெக்கறப்பப் பாடுமே, அதையும் பாடிப்போடு. எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்குது."

பாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாரேனுங்கண்ணா" என்றாள்.

அத்தோடு எல்லாம் சரியாகியிருக்க வேண்டும். நான் தொண்டையைச் செருமினேன்.

"அடுப்பையும் பத்த வெச்சுட்டுப் பாட்டையும் எப்படிங்க மச்சான் பாடுவா? புகை, கூட்டம், இரைச்சல். நான் முன்கூட்டியே பதிவு பண்ணிக் கொண்டு வந்தர்றேன். தரமா இருக்கும்."

"எதுக்குங்க மாப்ள? வாயால பாடுனாப் பத்தாதுங்களா?"

"பத்தாதுங்க" என்றேன். என் ஆயுளில் இவ்வளவு சுருக்கமாக நான் தப்புச் செய்ததில்லை.

பதிவு செய்யும் அறையில் குரல் சுவரில் மோதித் திரும்பக் கூடாது. அது விதி. எனவே மெத்தைகளைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தேன். ஜன்னலில் கனத்த ரஜாய்ப் போர்வையைத் தொங்கவிட்டேன். பீரோவின் இரண்டு கதவுகளையும் திறந்து, அவளுடைய பட்டுப் புடவைகளை அவற்றின்மேல் போட்டு, நடுவில் அவளை நிறுத்தினேன். ஃபேன் சத்தம் வரும் என்பதால் ஃபேனும் இல்லை. சித்திரை மாதம்.

"ஏனுங்க, என்னைப் பாடறதுக்கு நிக்க வெச்சிருக்கறீங்களா, ஆவி புடிக்கறதுக்கா?"

"பேசாதே. வளையல் சத்தம் வருது, கழட்டு."

"தாலிக்கொடி கூட ஆடுதுங்க. அதையும் கழட்டிப் போடட்டுங்களா?"

(இது மைக்கில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. எங்கள் மகள் இதைத்தான் தன் கைபேசியில் அழைப்பு மணியாக வைத்திருக்கிறாள்.)

அவள் உச்சத்தைத் தொடும்போதெல்லாம் சாலையில் ஏதோ ஒரு லாரி ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மறுபடி, மறுபடி என்று வாங்கி, ஒருவழியாக ஒரு சுத்தமான பதிவு கிடைத்தது. வியர்வையில் நனைந்து வெளியே வந்தவள், ஃபேனுக்கு நேர்கீழே தரையில் படுத்துவிட்டாள்.

கேட்டுப் பார்த்தால், பீரோவுக்குள் நின்று பாடுகிறாள் என்பது அப்படியே தெரிந்தது. ஈரமே இல்லாத குரல். இதற்கு மருந்து ரிவெர்ப். மண்டபத்திலோ கோயிலிலோ பாடினால் குரலுக்குப் பின்னால் ஒரு கார்வை தங்கி நிற்கும் அல்லவா, அதைக் கணினியே செய்து கொடுக்கும். சின்ன அறை, கல்யாண மண்டபம், மலைக்குகை என்று விருப்பப்படி தேர்ந்தெடுக்கலாம். (முதலில் எதிரொலியை மெத்தை வைத்துக் கொல்வது, பிறகு அதையே செயற்கையாக வரவழைப்பது. அரசாங்க வேலையில் இருந்த எனக்கு இந்த முறை உடனே பிடித்துவிட்டது.)

விதிகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. மூலக் குரலைத் தொடக் கூடாது. ரிவெர்பைத் தனித் தடத்தில் வைக்க வேண்டும். அதில் கனத்த கீழ் ஓசையை வெட்ட வேண்டும், இல்லையென்றால் குழம்பும். குரலுக்கும் கார்வைக்கும் நடுவில் கண்ணிமைக்கும் இடைவெளி விட்டால்தான் சொல் தெளிவாக இருக்கும். எல்லாவற்றையும் செய்தேன். கடைசி விதி, காதுக்கு லேசாகத் தெரிய ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும் என்பது. நானும் தெரிய ஆரம்பிக்கும்வரைதான் ஏற்றினேன். டர்பைன் பக்கத்தில் காலம் தள்ளிய என் காதுகளுக்கு, குரலின் அந்த மெல்லிய வால் கேட்பதே இல்லை என்பதைப் பிறகு சேலத்தில் ஒரு காது டாக்டர் படம் வரைந்து விளக்கினார். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. அறையைத் தாண்டி, மண்டபத்தைத் தாண்டி, குகையின் கடைசி வரைக்கும் போன பிறகுதான் "ஆகா!" என்றேன்.

பாக்கியம் ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். முகம் மாறியது.

"இது நானில்லைங்க. கெணத்துல உழுந்தவ கத்தறாப்பல இருக்குது. முன்ன இருந்தபடியே இருக்கட்டுமுங்க."

"உனக்கு ஒலியியல் தெரியாது" என்றேன்.

விழாவன்று பென்டிரைவைச் சவுண்ட் சர்வீஸ்காரர் தங்கராசுவிடம் கொடுத்தேன். தென்னை மரத்தில் சாலையைப் பார்த்துக் குழாய் ஸ்பீக்கர்கள் கட்டியிருந்தார். அந்தப் பக்கத்துச் சவுண்ட் சர்வீஸ்களில் எக்கோ என்பது எப்போதும் திறந்தே இருக்கும் தண்ணீர்க் குழாய் மாதிரி. அதை யாரும் கேட்க வேண்டியதில்லை, வேண்டாம் என்றாலும் நிற்காது.

"கவலைப்படாதீங் சார். என்ர எக்கோவுல போட்டா நாமக்கல் மலையே திருப்பிப் பாடும்" என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

பாக்கியம் அடுப்பைப் பற்றவைத்தாள். மச்சான் பட்டு வேட்டியில் கைகூப்பி வாசலில் நின்றார். பாட்டு ஆரம்பித்தது.

முதல் அடி முடிவதற்குள் இரண்டாம் அடி அதன்மேல் ஏறியது. குகைக்குள்ளிருந்து வந்த குரல் தங்கராசுவின் எக்கோவில் இன்னொரு முறை பிறந்து, குழாய் ஸ்பீக்கரில் புறப்பட்டு, எதிரே இருந்த கரட்டுக் குன்றில் மோதித் திரும்பி வந்தது. சொல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. "ஓ…ஓ…" என்று நீளும் ஒரு கேவல்தான் மிஞ்சியது. பெண்கள் பக்கத்தில் ஒரு அம்மா பழக்கதோஷத்தில் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டு போனார்.

சாலையில் போன ஒருவர் மொபெட்டை நிறுத்தி, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நேராக மச்சானிடம் வந்தார். அவர் கையைப் பிடித்து, "எப்பங்க ஆச்சு? உங்க மாமியாருங்களா?" என்றார்.

"நான் இங்கதான்டா குத்த வெச்சிருக்கறேன்!" என்றார் மாமியார், வெற்றிலைக்கு நடுவில்.

நான் தங்கராசுவிடம் ஓடினேன். அவர் கண்மூடி ரசித்தபடி குமிழை இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க! அதுல ஏற்கெனவே ரிவெர்ப் போட்டிருக்கேன்!"

"நீங்களும் போட்டிருக்கறீங்களா? சொல்ல வேண்டாமுங்களா சார்?"

"நீங்க கேக்கலியே!"

"நீங்களுந்தானுங்க கேக்கல."

அதற்குள் மச்சானின் மனைவி நடு வாசலுக்கு வந்துவிட்டார். "நல்ல நாளு அதுவுமா ஊட்டுல ஒப்பாரி வெச்சுப்போட்டாங்க! கெணத்துத் தண்ணிக் காந்தல் இன்னும் அடங்குலீங்க இவளுக்கு. வேணும்னே பண்ணியிருக்கறா!"

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. பாக்கியம் கரண்டியோடு எழுந்து, அண்ணனைப் பார்த்து, "நான் வாயாலயே பாடறனுங்கண்ணா" என்றாள்.

மச்சான் அவளைப் பார்க்கவில்லை. "வேண்டாம் அம்முணி. போதும்."

எழுந்து நின்று விளக்கலாமா என்று யோசித்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே பாக்கியம் தலையை ஆட்டிவிட்டாள். பந்தியில் எங்களுக்கு இருபுறமும் இலை காலியாகவே இருந்தது. பேச்சு மறுபடி நின்றது, இந்த முறை விதிகளின் உதவி இல்லாமல்.

தங்கராசு மட்டும் அந்தப் பாட்டைத் தன் பெட்டியில் பத்திரப்படுத்திக்கொண்டார் என்பது, பல மாதம் கழித்து மச்சானின் பங்காளி ஒருவர் வீட்டுத் துக்கத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது. பந்தலை நெருங்கும்போதே கேட்டது. பாக்கியம் நடையை நிறுத்திவிட்டாள். உள்ளே அவள் குரல்தான் அழுதுகொண்டிருந்தது.

தங்கராசு என்னைக் கண்டதும் ஓடி வந்தார். "சார், ராசிபுரத்திலிருந்து திருச்செங்கோடு வரைக்கும் எழவு ஊடுன்னா இப்ப இதுதானுங்க. மத்த பாட்டுக்கு ஆரும் அழுகறதில்லீங்க."

உள்ளே பாக்கியத்துக்குப் பக்கத்தில் இருந்த அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஆரு பெத்த புள்ளையோ, என்ன கஷ்டமோ, இப்படிப் பாடிப்போட்டா" என்றாராம்.

மச்சானும் வந்திருந்தார். கிளம்பும்போது எங்களைக் கடந்து போக வேண்டியிருந்தது. ஸ்பீக்கரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தங்கையிடம், தாழ்ந்த குரலில், "இங்க நல்லாத்தான் இருக்குது, அம்முணி" என்றார். அவ்வளவுதான். அவர் மனைவி காருக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றுவரை அண்ணனும் தங்கையும் சந்தித்துக்கொள்வது துக்க வீடுகளில் மட்டும்தான். இரண்டு வார்த்தை பேசிக்கொள்கிறார்கள். பின்னணிக்கு என் பதிவு ஓடும்.

அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலைப் பார்த்தபடியே பாக்கியம் சொன்னாள்: "நான் போறப்ப மட்டும் அதைப் போட்டுடாதீங்க."

சரி என்றேன். அவள் நம்பவில்லை, மகளிடமும் தனியாகச் சொல்லி வைத்துவிட்டாள். மகள் அதை மாப்பிள்ளையிடம் சொல்ல, மாப்பிள்ளை சம்பந்தியிடம் சொல்ல, இப்போது எந்த விசேஷமானாலும் சாப்பாடு முடிந்ததும் யாராவது அந்த வசனத்தைக் கேட்டு வாங்குகிறார்கள். மகள் அம்மா மாதிரியே சொல்லிக் காட்டுவாள். பந்தியே சிரிக்கும், நானும் சிரிப்பேன். பாக்கியம் எழுந்து, எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விடுவாள். பாட்டுச் சத்தம் மட்டும் இப்போதெல்லாம் உள்ளேயிருந்து வருவதில்லை.