நல்லியெலும்பு காத்த லிங்கேஸ்வரன்

முல்லைப் பெரியாற்றுத் தண்புனல் பாய்ந்து திராட்சைப் பந்தர் தழைக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் வடவாயிலாம் பழனிசெட்டிபட்டியில், ஒரு மாடிவீட்டில் அவதரித்த பெருந்தகை, பதினோராம் வகுப்புப் பயிலும் ஏந்தல், உட்கார்ந்த இடத்துக்கே தட்டு வரப்பெற்ற தவச்செல்வன் லிங்கேஸ்வரன் வாழ்க! அவன் கொற்றம் வாழ்க!

அக்கொற்றம் ஒரு ஞாயிறு நண்பகலில் சரிந்தது. ஆட்டுக்கறிக் குழம்பின் மணம் தெருமுனை வரை படையெடுத்திருந்த வேளை, அன்னை ஹேமாவதி கரண்டியைச் செங்கோலென உயர்த்தி ஆணையிட்டாள்:

"இனிமே ஆம்பளப் பிள்ளைகளும் பரிமாறிப் பழகணும். நீ குழம்பு ஊத்து, தம்பி சோறு வைக்கட்டும். அப்பாவும் மாமாவும் அக்காவும் சாப்பிட்டு எந்திரிச்சாகன்னா, பெறகு நீங்க உக்காரலாம்."

இடியேறு கேட்ட நாகம்போல் துணுக்குற்றான் வீரன். ஆயினும் குண்டானைக் கிண்டியபோது, மசாலாப் பெருங்கடலின் அடியில், மஜ்ஜை ததும்பும் ஒற்றை நல்லியெலும்பு புதையலெனத் தட்டுப்பட்டது. அதைத் தனக்கென்று காப்பதே பிறவிப்பயன் என நெஞ்சுக்குள் சூளுரைத்தான்.

போர் மூண்டது. தந்தையின் தட்டின்முன் களமிறங்கியவன், கரண்டியை வாளெனச் சுழற்றி, நல்லியைக் குண்டானின் ஓரத்தில் சிறைவைத்து, ஈரல் துண்டொன்றைத் திறையாகச் செலுத்தி மீண்டான். விருந்தாக வந்திருந்த மாமா தங்கப்பாண்டியன் நெஞ்செலும்போடு சமாதானமானார். ஒற்றர்படையை நிகர்த்த கூர்விழியாள் அக்கா சுபாஸ்ரீயோ, "ஏலே, நல்லி எங்கன?" என்றாள். அடியில் எதுவுமே தட்டுப்படவில்லை என்று சாதித்து, அறம் பிழைத்தும் வாகை சூடினான்.

மூவரும் கைகழுவச் சென்றபின், அடுப்படியிலிருந்து வந்து அமர்ந்தாள் ஹேமாவதி. கடைசியில் மிஞ்சியதை வழித்துத் தானே போட்டுக்கொள்பவள், அன்று தட்டை மகன்முன் நீட்டினாள்.

"எனக்கும் ஊத்துப்பா."

குழம்பைக் கூட்டிவைத்தவள் அவள். அடியில் கிடப்பதை அறியாதவள் அல்லள். ஆயினும் நல்லியைப் பற்றி ஒரு சொல் கேட்டாளில்லை. அவள் தட்டில் பிறர் எவரும் எதுவும் வைத்து லிங்கேஸ்வரன் கண்டதேயில்லை. அது அக்கணம் அவனுக்கு உறைத்தது. நாவில் ஊறிய நீர்ப்படை ஒருபுறம், நெஞ்சில் திரண்ட நாணப்படை மறுபுறம், இரண்டும் மோத, பாற்கடல் கடைந்த தேவரென அவன் குண்டானைக் கடைந்து, நல்லியை ஏந்தியெடுத்து, அன்னையின் சோற்றுமலைச் சிகரத்தில் வெற்றிக்கொடியென நாட்டினான். அவள் அதைத் தட்டில் தட்டி, கண்மூடி உறிஞ்சினாள்.

பிறகு உட்கார்ந்த அண்ணன் தம்பி இருவருக்கும் குண்டானில் உருளைக்கிழங்குதான் மிஞ்சியிருந்தது.