முப்பத்தேழாம் பெருமூச்சுப் படலம்

வாழ்க அவள்! பதினோரு ஆண்டுகளாக முகம் காட்டாமல் மூச்சு மட்டும் காட்டியவளும், அழுதால் பின்வரிசை மூக்கைச் சிந்தவும் பெருமூச்செறிந்தால் முன்வரிசை விசிலடிக்கவும் வைத்த குரல்வளைப் பேரரசியும், இரு பிள்ளைகளுக்குத் தாயும், ஒரு மாமியாருக்கு மருமகளும், பட உலகத்தால் 'மூச்சக்கா' என்று மரியாதையோடு அழைக்கப்படுபவளுமான அந்தப் பின்னணிக் குரல் வீராங்கனையைப் பாட வந்தேன். சாக்ஸபோனே, துணை நில்! காற்றே நுழையாத அறையிலும் திரைச்சீலையைப் பறக்கவிடும் மேசை விசிறியே, நீயும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு!

போர்க்களம், 'மூன்றாவது தலையணை' என்னும் கிளுகிளுப்பு மர்மப் படம். அடடா, என்ன படம் அது! ஐந்து கொலை, ஒரே கட்டில். துப்பறியும் அதிகாரி இருட்டறையிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டார். கதாநாயகி பிணத்தைக் கண்டால் போலீசைக் கூப்பிடமாட்டாள், குளிக்கப் போய்விடுவாள். அவளது பட்டு மேலங்கியின் முடிச்சோ கதை தொய்யும் இடமெல்லாம் தானே அவிழ்ந்து, தணிக்கைக்காரர் நிமிரும் இடத்தில் தானே நின்றுவிடும் பேரறிவு படைத்தது. சிரிக்காதீர்கள், உயர்ந்த ரசனைப் பெருமக்களே! உங்கள் விருதுப் படங்களில் நான் எத்தனை தடவை தூங்கியிருக்கிறேன் தெரியுமா? இந்த மாதிரிப் படத்தில் ஒரு நிமிடம்கூடக் கண்ணயர்ந்ததில்லை.

ஏறத்தாழ நாற்பது படங்களில் மூச்சுவிட்டவள் நம் தலைவி. ஒன்றிலாவது அவள் பெயர் வந்ததா? தேநீர் கொடுத்தவர் பெயர் வந்தது, கட்டிலை வாடகைக்குத் தந்த கடையின் பெயர் இரண்டு முறை வந்தது, அவள் பெயர் மட்டும் வரவில்லை. இம்முறை இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார்: தனியாக, திரை முழுக்க, அவள் பெயர் மட்டும். வீட்டிலோ அவள் சோப்பு விளம்பரத்துக்குப் பேசுவதாகத்தான் சொல்லிவைத்திருந்தாள். இந்த மாதிரிப் படத்தையெல்லாம் வீட்டில் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற ஒரே தைரியம். ஆனால் அன்று மாலை நான்கு மணிக்குள் ஒலிப்பதிவு முடியவேண்டும். நான்கு அடித்தால் அறை மழலைப் பாட்டுக் குழுவுக்குப் போய்விடும், மிச்ச வேலையும் திரையில் வரும் பெயரும் 'குட்டிக்குயில்' என்ற போட்டிக் குரல்காரிக்குப் போய்விடும். அந்தக் குயிலும் மூன்று மணிக்கே வந்து வெளியே சோபாவில் அமர்ந்து நகத்தை ராவிக்கொண்டிருந்தது.

இங்கேதான் இயக்குநரின் மதி சறுக்கியது. வசனம் வேறு மூச்சு வேறு என்று பிரித்து, படத்தின் பெருமூச்சுகள் அத்தனையையும் மொத்தமாக ஒரே மூச்சில் பதிந்துகொண்டு பிறகு வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்று அவர் திட்டமிட்டார். தலைவியும் அஞ்சவில்லை. கட்டில் மூச்சு, கதவோர மூச்சு, பிணம் கண்ட மூச்சு, பிணம் எழுந்து உட்கார்ந்த மூச்சு என முப்பத்தாறையும் இடைவெளியின்றி எய்து தீர்த்தாள். எஞ்சியது ஒன்றே. இறுதிக் காட்சியின் மூச்சு. படத்தின் நீளம் போதாமல் அந்தக் காட்சியை ஆமை வேகத்துக்கு இழுத்திருந்தபடியால், பதினோரு விநாடிக்கு இழுபட வேண்டிய மாமூச்சு! அவள் நெஞ்சை நிமிர்த்தினாள், இதழைத் திறந்தாள், அகிலமே செவிசாய்த்தது.

"ஹக்!"

வந்துவிட்டான் விக்கலாசுரன்! உதரவிதானக் கோட்டைக்குள் ஒளிந்திருந்து சரியாக ஏழாம் விநாடியில் பாயும் கொடியவன், முப்பத்தாறு மூச்சின் முதுகில் ஏறி வந்த வஞ்சகன், தலைவியின் காதல் தாபத்தைத் தவளைச் சத்தமாக்கினான். முதல் டேக் வீழ்ந்தது. ஐந்தாவதும் வீழ்ந்தது. ஒன்பதாவது டேக்கில் ஒலிப்பதிவாளர் மேசைக்கடியில் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டார். படைக்கலங்கள் வந்து குவிந்தன: ஒரு செம்பு நீர், ஒரு கரண்டி சர்க்கரை, மூக்கைப் பிடித்தல், தலைகீழாய்க் குனிதல். அசுரன் அசையவில்லை. குட்டிக்குயில் கண்ணாடிச் சுவருக்கு வெளியே வந்து நின்று, "பாவம் அக்கா, வயசாச்சுல்ல" என்று அருள்மொழி பகர்ந்தது. பற்றி எரிந்தது தலைவிக்கு, எனக்கும்தான்.

"பயமுறுத்தினா நின்னுடும்!" என்று முழங்கிய இயக்குநர், தம் படத்திலேயே கொடூரமான காட்சியைத் திரையில் ஓடவிட்டார். குளிர்பதனப் பெட்டிக்குள்ளிருந்து கொலைகாரன் பாய்ந்து வந்தான். வரும் வேகத்தில் அவன் ஒட்டுமீசை கதவிலேயே தங்கிவிட்டது. தலைவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். விக்கல் இரட்டிப்பாயிற்று. இயக்குநரின் முகத்தை நான் வருணிக்கமாட்டேன், பாவம் மனுஷன்.

மணி மூன்று ஐம்பது. வெளியே மழலைப் பாட்டுக் குழு அட்டை யானையோடு வந்து இறங்கியது. குட்டிக்குயில் தொண்டையைச் செருமியது. பதினோரு ஆண்டுப் பெயர்க்கனவு கைநழுவப் போகும் அக்கணத்தில் ஒலிப்பதிவாளர் தலைவியின் கைப்பேசியை நீட்டினார்.

"அக்கா, வீட்டுலேர்ந்து ஆறு மிஸ்டு கால். ஏதோ அவசரம்போல."

மறுமுனையில் மாமியார்.

"ஏம்மா, கேபிள்ல பழைய பங்களாக் கொலைப் படம் ஒண்ணு போட்டிருக்கான். அதுல வர்ற பொண்ணு பேசுறது, பெருமூச்சு விடுறது, எல்லாம் உன் குரலாட்டமே இருக்கே. நீதானே அது?"

கேட்டாளய்யா கேள்வி! தலைவியின் குருதி உறைந்தது. ஐந்து கொலையாலும் அசையாத விக்கலாசுரன், அந்த ஒற்றைக் கேள்வியில் ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடியே போனான்.

"ஆமா... ஆமாங்க அத்தை."

மறுமுனையில் மாமியார் டிவி பெட்டியை ஓங்கித் தட்டும் சத்தம்.

"கரண்ட் போயிடுச்சும்மா! பக்கத்து வீட்டுக்காரியும் நானும் ரெண்டு மணி நேரமா அசையாம உக்காந்து பாத்தோம். கொன்னது யாருன்னு மட்டும் சொல்லிடு."

"டாக்டர், அத்தை."

"நெனச்சேன்! அவன் முழியே சரியில்ல. சரி, அழுறது நல்லாருந்துச்சு. வேலையப் பாரு."

தலைவி கைப்பேசியை வைத்தாள். ஒலிவாங்கியின் முன் சென்று நின்றாள். பிறகு விட்டாளே ஒரு மூச்சு! அது நடிப்பன்று. பதினோரு ஆண்டுப் பயமெல்லாம் நெஞ்சைவிட்டு இறங்கிய மூச்சு அது. பதினோரு விநாடி கடந்தும் நீண்டது, திரையில் கதாநாயகி வாயை மூடிய பின்னும் நீண்டது. இயக்குநர் கண் கலங்கினார். குட்டிக்குயிலே நகம் ராவுவதை நிறுத்தி வாய்பிளந்தது. ஒரே டேக், மணி மூன்று ஐம்பத்தெட்டு!

"டைட்டில்ல பேரு எப்படிம்மா போட? சுருக்கமா போட்டுடவா, வீட்டுல ஏதும்..." என்று இழுத்தார் இயக்குநர்.

"முழுப் பேரையும் இனிஷியலோட போடுங்க சார்" என்று பிரகடனம் செய்தாள் பேரரசி.

பிறகு பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள், உட்கார இடம் கிடைக்கவில்லை.