டீக்கடையில் ஒரு ஆள் எழுதுகிறார்

ஒரு மணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்து, வண்டி ஓட்டுகிறவர்களைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கொடுத்தது பக்கத்து வீட்டுச் செல்வி. சாலைப் பாதுகாப்பில் ஆராய்ச்சி செய்கிறாள். யாருக்கு ஹெல்மெட் இருக்கிறது, யாருக்கு இல்லை, யார் போன் பேசிக்கொண்டே ஓட்டுகிறார்கள் என்று கட்டம் போட்ட தாளில் டிக் அடிக்க வேண்டும். அவளுக்குக் காய்ச்சல். நாளைக்குத் தாள் போகாவிட்டால் பேராசிரியர் கையெழுத்துப் போட மாட்டார். ஆறு மாதம் வீண்.

"மாமா, நீங்க கணக்கெடுக்கறது யாருக்கும் தெரியக் கூடாதுங்க. தெரிஞ்சா ஒழுங்கா ஓட்டிருவாங்க."

"முப்பது வருசம் நிருபரா இருந்தவங்கிட்டயா சொல்ற?"

அரை கிலோமீட்டர்தானே என்று என் ஹெல்மெட்டை ஆணியிலேயே விட்டுவிட்டு, பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடைக்கு வண்டியை விட்டேன்.

முதல் பத்து நிமிடம் பொன்னான நேரம். ஒருவர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகி, "வண்டி ஓட்டிட்டிருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வெகுநேரம் பேசிக்கொண்டு போனார். ஒரே வண்டியில் நாலு பேரும் ஒரு ஆட்டுக்குட்டியும் போனார்கள். ஆட்டுக்குட்டிக்குக் கட்டம் இல்லை. ஒருவர் ஹெல்மெட்டோடு வந்தார். அதற்குள் தக்காளி இருந்தது.

டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "என்னங்க எழுதறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

அவர் உடனே போனை எடுத்தார்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஹெல்மெட்! வரிசையாக டிக் அடித்தேன். ஊர் திருந்திவிட்டது என்று கண் கலங்கும் நேரத்தில்தான் கவனித்தேன். எல்லாம் சிவப்பு ஹெல்மெட். எல்லாவற்றிலும் இடது பக்கம் ஒரே கீறல். ஒருவருக்கு அது மூக்கு வரை இறங்கியது. பூ வைத்த ஒரு அம்மாவுக்கு உச்சியில் நின்றது.

எழுந்து பார்த்தேன். தெருவின் இந்த முனையில் பஞ்சர் கடை, அந்த முனையில் மருந்துக் கடை. பஞ்சர் கடையில் மாட்டுகிறார்கள், மருந்துக் கடையில் கழற்றுகிறார்கள். எதிரே வருகிறவர் அதை வாங்கி மாட்டிக்கொண்டு திரும்பக் கொண்டுவருகிறார். சிலர் தங்கள் முறைக்காக எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

செல்விக்குப் போன் போட்டேன்.

"எத்தன பேரு மாமா ஹெல்மெட் போட்டிருந்தாங்க?"

"நாப்பத்தோரு பேரு."

"பரவால்லியே!"

"ஹெல்மெட் ஒண்ணுதாம்மா."

இருமிக்கொண்டே சொன்னாள்: "சரிங்க மாமா. அந்த மொத பத்து நிமிசக் கணக்காவது நெசம். தாளப் பத்திரமா கொண்டாங்க."

வெட்கத்தோடு வண்டியைக் கிளப்பி, பஞ்சர் கடை தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. தாள் டீக்கடை பெஞ்சிலேயே இருக்கிறது. ஒரு போண்டா மடிக்க அளவான தாள். பதறிப்போய் வண்டியைத் திருப்பினேன்.

பஞ்சர் கடைக்காரர் குறுக்கே வந்து நின்றார்.

"பெரியவரே, நில்லுங்க! வெறுந்தலையோட அந்தப் பக்கம் போகாதீங்க. டீக்கடைல ஒரு ஆளு உக்காந்து எழுதறானாம். இந்தாங்க."

வாங்கி மாட்டிக்கொண்டேன். எனக்கும் மூக்கு வரை இறங்கியது. உள்ளே ஊரே வியர்த்திருந்தது.

தாள் பெஞ்சிலேயே இருந்தது. டீ மாஸ்டர் ரகசியமாகச் சொன்னார்: "கழட்டிருங்க, அந்தாளு போயிட்டான்."

பேனாவை எடுத்து நாற்பத்திரண்டாவது டிக்கைப் போட்டேன்.