முள் படுத்தாலும் வண்டி ஓடும்

நாமக்கல் மாவட்டத்தில் ரிசர்வ் அண்ணனின் கார் நின்றுபோகாத சாலை என்று ஒன்று இருந்தால், அது இன்னும் போடப்படாத சாலையாகத்தான் இருக்க வேண்டும். பரமத்தி ரோட்டில் நின்றிருக்கிறது. சேந்தமங்கலம் ரோட்டில் நின்றிருக்கிறது. ஒருமுறை பெட்ரோல் பங்க் வாசலிலேயே, உள்ளே திரும்பும் நேரத்தில், குறுக்கே படுத்துக்கொண்டு யாரையும் உள்ளே விடாமல் நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர்கள் அன்றைக்குச் சொன்ன வார்த்தைகளை எந்தப் பத்திரிகையும் அச்சிடாது.

அவர் நான் வேலை பார்த்த கோழித்தீவனக் கம்பெனியில் எனக்கு மூத்தவர். பண்ணை பண்ணையாகப் போய், கோழி ஒழுங்காகத் தின்கிறதா, முட்டை ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கும் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஊருக்கெல்லாம் அவர் ரிசர்வ் அண்ணன்தான். டேங்கில் பெட்ரோல் அடிமட்டத்துக்கு வந்து, எச்சரிக்கை விளக்கு எரிந்து, அதற்குப் பிறகும் ஒரு தாலுகாவைச் சுற்றி வந்தால்தான் அவருக்குப் பங்க் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும்.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குக் கிணற்றுப் பாசனத்தோடு தோட்டம் இருந்தது. டீக்கடைக்குப் போனால் போண்டாவோடு எல்லோருக்கும் வாங்கித் தருவார். கஞ்சத்தனமாக இருந்தால் திருத்திவிடலாம். இது கொள்கை.

"ஏனுங்கண்ணா, பெட்ரோல் முள்ளு 'ஈ'க்குக் கீழ படுத்துருச்சுங்களே?" என்று முதல்நாள் பயணத்திலேயே கேட்டேன்.

"'ஈ'ன்னா என்ன அர்த்தம் சாமி?"

"காலிங்கண்ணா."

"எவன் சொன்னான்? 'இன்னும் இருக்குது'ன்னு அர்த்தம். அக்கட்டால இருக்குது பாரு 'எஃப்பு', அது ஃபூலு. நெறயப் புடிக்கறவன் பூராம் ஃபூலுன்னு கம்பெனிக்காரனே எழுதி வெச்சிருக்கறான்."

கேட்டதற்கெல்லாம் அவரிடம் பதில் இருந்தது. டேங்க் நிறைய ஊற்றினால் கனம் கூடி வண்டி சோம்பேறியாகிவிடும். வெயிலில் நிறுத்தினால் பெட்ரோல் பாதி ஆவியாகி சூரியனுக்குப் போய்விடும். வண்டியும் கோழி மாதிரிதான், அரைவயிறு இருந்தால்தான் சுறுசுறுப்பாக இருக்கும். தீவனம் விற்கும் ஆள் இந்தக் கடைசி உதாரணத்தைப் பண்ணைக்காரர்களிடமும் சொல்லிவிட்டு வந்ததில்தான் மேனேஜருக்கு ரத்தக்கொதிப்பு வந்தது.

டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிவது மனதைக் கலைக்கிறது என்று அதன் மேலேயே ஓர் ஆஞ்சநேயர் ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருந்தார். பெட்ரோல் குறையும்போது ஆஞ்சநேயருக்குப் பின்னால் ஒளிவட்டம் தெரியும். புதிதாக ஏறுகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பழகியவர்கள் இறங்கி பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு இறங்கிப்போகும் வசதி இல்லை. அவரோடு போக வேண்டும் என்பது ஆபீஸ் உத்தரவு. ஒருநாள் தம்மம்பட்டிப் பக்கம் ஒரு பண்ணையில் கோழிகள் திடீரென்று தீவனத்தைத் தொடவில்லை என்று அழைப்பு வந்தது. நாமகிரிப்பேட்டையைத் தாண்டியதும் ஆஞ்சநேயர் ஒளிர ஆரம்பித்தார். அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கினார். கதவில் இரண்டு கையையும் வைத்து வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பிறகு டேங்க் இருக்கும் பக்கம் காதை வைத்து, பிரசவம் பார்க்கும் டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"தளும்புது சாமி. தம்மம்பட்டி போய்த் திரும்பலாம்."

முள்ளுக்குறிச்சி வருவதற்குள் நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் மரவள்ளிக்கிழங்குக் காடு. அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, நான் தள்ளினேன். தள்ளிக்கொண்டே கேட்டேன்: "தளும்புதுன்னீங்களேண்ணா?"

"தளும்புச்சு சாமி. பொறவு பாத்தா, பின்னாடி நாம வெச்சிருந்த கோழி மருந்து பாட்டிலு."

இவர் இப்படி என்று ஊருக்கே தெரிந்திருந்தும் ராசிபுரத்தில் மேனேஜர் மகன் கல்யாணத்தன்று அந்தப் பெரிய தவறு நடந்தது. மாப்பிள்ளைக்கென்று பூ ஜோடித்து வைத்திருந்த காரின் டயர் காலையில் காற்று இறங்கிக் கிடந்தது. முகூர்த்தத்துக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றிருந்த ஒரே கார் ரிசர்வ் அண்ணனுடையது. மேனேஜர் அதைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடியும் அதைப் பார்த்தார்.

"பெட்ரோல் இருக்குதாய்யா?"

"மண்டபத்துக்குப் போய்ச் சேர அளவா இருக்குதுங்க."

அளவாக என்ற சொல்லைக் கேட்டதும் மேனேஜர் சுதாரித்திருக்க வேண்டும். மகன் கல்யாணம், மனிதர் நிதானத்தில் இல்லை. அண்ணன் போட்டது தனக்கும் மாப்பிள்ளைக்குமான கணக்கு. வண்டி கிளம்பும் நேரத்தில் பின்கதவைத் திறந்துகொண்டு மாப்பிள்ளையின் அத்தைமார்கள் ஏறிவிட்டார்கள். ஒல்லியான அத்தை என்று அதில் ஒருவரும் இல்லை. ஆண்டகளூர்கேட்டை நெருங்கும்போது வண்டி இருமியது, விக்கியது, நின்றது. பட்டுவேட்டியும் மாலையுமாக மாப்பிள்ளை நடுரோட்டில் இறங்கி நின்றார்.

"அத்தைங்க ஏறுவாங்கன்னு யாரு சாமி கண்டா?" என்றார் அண்ணன், பொதுவாக வானத்தைப் பார்த்து.

மூத்த அத்தை கீழே இறங்கி முந்தானையை இடுப்பில் செருகினார். "ஏனுங்க, உங்க வண்டி பெட்ரோல்ல ஓடுதுங்களா, எங்க எடையில நிக்குதுங்களா? இந்தக் காரை வித்துப்போட்டு ரெண்டு எருமை வாங்குங்க. அதுக்கும் தீனி போடோணும்னுதான் சொல்லுவாங்க. ஆனா எரும கேட்டு வாங்கிக்கும்."

அந்த வழியாக வந்த பிராய்லர் வண்டியை மறித்து, டிரைவர் பக்கத்தில் மாப்பிள்ளையை ஏற்றி அனுப்பினோம். மண்டப வாசலில் நாதஸ்வரம் ஒருபக்கம், கூண்டுக்கோழிகள் மறுபக்கம் முழங்க, தலைப்பாகையில் ஒரு வெள்ளை இறகோடு மாப்பிள்ளை வந்து இறங்கினார். முகூர்த்தம் தப்பவில்லை. மணப்பெண் மாலை மாற்றும்போது தும்மினார். மேனேஜர் பிறகு பல நாள் ரிசர்வ் அண்ணனிடம் நேராகப் பேசவில்லை, "அந்தாளுகிட்டச் சொல்லு" என்று என்னிடம்தான் சொல்வார், அண்ணன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போதும்.

இதற்கெல்லாம் அசைந்தாரா? இல்லை. அடுத்து பெட்ரோல் பம்ப் கருகியது. ராசிபுரம் மெக்கானிக் அதைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்: "அண்ணா, இது டேங்குக்குள்ள பெட்ரோல்ல முங்கிக் கெடக்கோணும். அதுதான் இதுக்குக் குளிர்ச்சி. எப்பவும் கால் டேங்காவது வெச்சிருங்க. அடிவண்டலையும் இது உறிஞ்சிக்கிட்டுக் கெடக்குது, பாவம்."

அண்ணன் கருகிப்போன பம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வளப்பு சரியில்ல. நாம பழக்கறதுலதான் இருக்குது" என்றார். மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் கடை வாசலைப் பார்த்தேன்.

வீட்டிலும் இதே கொள்கைதான் என்று அவர் மனைவி சொல்லித் தெரிந்தது. "குக்கரை அடுப்புல வெச்சதுக்கு அப்பறந்தான் அரிசி வாங்கப் போவாரு. ஃபோனு செத்துச் சொர்க்கம் போனாத்தான் சார்ஜர் தேடுவாரு. இந்த மனுசனுக்கு எமனே வந்தாலும், இன்னும் கொஞ்ச தூரம் ஓடும்னு சொல்லித் திருப்பி அனுப்பிருவாரு, பாருங்க."

கடைசியில் எமன் எட்டிப் பார்த்தது எங்கள் வீட்டுப் பக்கம்தான்.

ஒருநாள் நான் விடுப்பில் மல்லசமுத்திரத்தில் வீட்டில் இருந்தேன். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் கையிலிருந்து சோற்றுக் கவளம் நழுவி விழுந்தது. என்னவோ சொல்ல வந்தார், வாய் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு வார்த்தை குழறியது. பக்கத்துத் தெரு டாக்டர் ஓடிவந்து பார்த்து, "பக்கவாதம் மாதிரி தெரியுதுங்க. இங்க வெச்சுக்கிட்டு இருக்காதீங்க, உடனே சேலம் கொண்டுபோங்க" என்றார். ஆம்புலன்ஸ் வேறொரு விபத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். பக்கத்துப் பண்ணை ஒன்றுக்கு ரிசர்வ் அண்ணன் வந்திருப்பது நினைவுக்கு வந்தது. கூப்பிட்டேன்.

"அவரையா கூப்பிட்டீங்க?" என்றாள் என் மனைவி. அழுகைக்கு நடுவிலும் அவளுக்கு அந்தப் பயம் வந்துவிட்டது.

நாங்கள் அப்பாவைக் கட்டிலிலிருந்து தூக்குவதற்குள் வாசலில் ஹாரன் கேட்டது. பின்சீட்டில் அப்பாவைப் படுக்க வைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டு முன்னால் எட்டிப் பார்த்தேன். ஆஞ்சநேயர் தகதகவென்று ஜொலித்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் ஒரு தெய்வத்தைப் பார்த்து அவ்வளவு கோபம் வந்ததில்லை.

"அண்ணா..." என்றேன்.

அவர் கியரைப் போட்டார். ஒளிவட்டத்தோடு ஆட்டையாம்பட்டி ரோட்டில் வண்டி பறந்தது. வழியில் வந்த முதல் பங்கில் சடாரென்று திருப்பி நிறுத்தினார். அங்கே பெட்ரோல் பிடிக்கும் பெண் அவரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தாள். "எப்பவும் போல கொஞ்சூண்டுங்களா அண்ணா?"

"நெறயப் புடி சாமி."

அந்தப் பெண் பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "என்னங்ணா சொன்னீங்க?"

"டேங்க் நெறயப் புடி. சீக்கிரம்."

"அக்கா, இங்க வாங்களேன், ரிசர்வ் அண்ணன் நெறயப் புடிக்கச் சொல்றாருங்க்கா!" என்று கூவியவள், குனிந்து உள்ளே பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சட்டென்று டேங்க் மூடியைத் திறந்து பிடிக்க ஆரம்பித்தாள்.

"போதுங்கண்ணா! சேலத்துக்கு இதுல பாதிகூட வேண்டியதில்ல. உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் பயத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான். "சேலத்தோட முடிஞ்சுருமோ, கோயமுத்தூரு கொண்டுபோன்னு சொல்லுவாங்களோ, தெரியல சாமி. தூரம் தெரிஞ்ச ஊருக்குத்தான் நான் கணக்குப் போடுவேன்."

சேலத்தோடு முடிந்தது. நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். சாயங்காலம் அப்பா கண்விழித்து, கோணலாக என் பெயரைச் சொன்னார். நான் வெளியே ஓடிவந்து சொன்னபோது, ரிசர்வ் அண்ணன் காரில் உட்கார்ந்து முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தார். தோளைத் தட்டி, "நல்லா இருக்கட்டும் சாமி" என்றார். பிறகு அருவருப்போடு, "பாரு, எப்படி நட்டுக்கிட்டு நிக்குது. பாக்கவே நல்லால்ல" என்றார்.

அந்தப் பெட்ரோலைக் காலிசெய்வதற்கு அவர் கண்டுபிடித்த வழி, எங்கள் அப்பாவைச் சேலத்துக்குக் கை, பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது. பெட்ரோல் தீர்ந்த பிறகும் அந்தப் பயணங்கள் தீரவில்லை. அப்பாவுக்குக் கை திரும்பியது, பேச்சும் அநேகமாகத் திரும்பியது. அண்ணன் மட்டும் திருந்தவே இல்லை. மறு மாதமே திருச்செங்கோடு ரோட்டில் நின்றார்.

நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்து வெகுநாள் ஆகிறது. இருந்தாலும் வண்டி நின்றால் முதல் ஃபோன் எனக்குத்தான் வரும். அவர் கொள்கையை, வளர்ப்பை, காரை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பெட்ரோல் வாங்கிக்கொண்டு போவேன். கொஞ்ச நாள் ஃபோன் வராமல் போனால் மட்டும் என்னவோ போல் இருக்கிறது. நானே கூப்பிட்டு, "அண்ணா, வண்டி ஓடுதுங்களா?" என்று கேட்டுவிடுகிறேன்.