அணில் போட்ட கேள்விக்குறி

ஒரு காட்டில் வேட்டைக்குப் போகச் சோம்பல்பட்ட சிங்கராஜா ஒருவர் இருந்தார். உட்கார்ந்த இடத்துக்கே சாப்பாடு வரட்டும் என்று கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். புரோகிராம் எழுதியது சிங்காரி என்கிற அணில். "அன்புள்ள இன்னாரே, நாளை ராஜாவின் மதியச் சாப்பாடு நீங்கள்தான். தவறாமல் வரவும்" என்று ஒரு டெம்ப்ளேட். பட்டியலிலிருந்து தினம் ஒரு பெயரை எடுத்து அதில் போட்டு அனுப்ப ஒரு லூப்.

போன கடிதமோ எருமையே, மானே, முயலே என்று காடு மொத்தத்தையும் கூப்பிட்டது. 'இத்தனை பேர் போறாங்க, நாம ஒருத்தர் போகலைன்னா என்ன?' என்று எல்லோரும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

ராஜாவுக்குப் பசியும் கோபமும் சேர்ந்து ஏறிவிட்டது. "ஏ அணிலே, சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடு. இல்லேன்னா ராத்திரிக்கு நீதான்!"

சிங்காரி உடனே வேலையில் இறங்கியது. டெம்ப்ளேட்டைப் புதிதாக எழுதியது. அதே கூத்து. லூப்பைப் பிரித்து மேய்ந்தது. அது பாவம், ஒழுங்காகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் பார்த்தால், பெயரைப் பொறுக்கி எடுக்கிற ரெஜெக்ஸ் என்கிற தேடல் வாய்பாடு இருக்கிறதே, அந்தக் கடன்காரன் பண்ணின வேலை! பட்டியலில் ஒவ்வொரு பெயரும் அடைப்புக்குறிக்குள் இருந்தது. திறக்கிற குறியிலிருந்து மூடுகிற குறிவரை எடுடா என்றால், பக்கத்தில் மூடுவதை விட்டுவிட்டு, பட்டியலின் கோடியில் மூடுவதுவரை வாரிக்கொண்டு வந்திருக்கிறான். அப்படி ஒரு பேராசை! 'முதலில் மூடுகிற இடத்திலேயே நில்' என்று அவனுக்குப் புரிகிற மாதிரி சிங்காரி அவனுக்குள் ஒரே ஒரு கேள்விக்குறியைப் போட்டது. ஆள் அடங்கிவிட்டான்.

"வந்துடுச்சு! ஒரே பேரு! ஒரே ஒரு பேருதான்!" என்று கிளைக்குக் கிளை தாவிக் குதித்தது சிங்காரி.

"யார் பேருடி?" என்று கேட்டது கீழே நின்ற மான்.

சிங்காரி அப்போதுதான் திரையைப் படித்தது. பட்டியல் அகர வரிசையில் இருந்திருக்கிறது. 'அன்புள்ள அணிலே' என்று ஆரம்பித்தது கடிதம்.

அடக் கடவுளே! சரி பண்ணாவிட்டால் இன்று ராத்திரிக்கு, சரி பண்ணினால் நாளை மதியத்துக்கு. சிங்காரி மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தது. பிறகு சத்தம் போடாமல் கேள்விக்குறியை அழித்துவிட்டு, திரையில் மட்டும் 'வெற்றிகரமாக அனுப்பப்பட்டது' என்று பச்சை எழுத்தில் பெரிதாக வரும்படி செய்தது.

ராஜா கண்ணாடி மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். "அப்படிப் போடு! இதைத்தானே முதல்லேர்ந்து கேக்குறேன்!" என்று அணிலைத் தட்டிக்கொடுத்தார். கையைக் கழுவிக்கொண்டு இலை முன்னால் உட்கார்ந்தார். இன்னும் உட்கார்ந்திருக்கிறார். பச்சை எழுத்து தினமும் தவறாமல் வருகிறது.

நீதி: பிழையைக் கண்டுபிடிக்கப் படிப்பு போதும். அதை இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கத்தான் அனுபவம் வேண்டும்.