அக்கா கல்யாணத்தில் அழுத டிரம்ஸ்

இரண்டு நல்ல பொருள்களைச் சேர்த்தால் அதைவிட நல்ல பொருள் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் தயவுசெய்து டிரம்ஸ் பக்கம் வந்துவிடாதீர்கள். நான் வந்தேன்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் எனக்குத் திருத்தங்கலில் அச்சக வேலை. முகூர்த்த நாள்களில் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ். சுமாராகத்தான் வாசிப்பேன் (எனக்கு அப்போது அது தெரியாது). மதுரையில், எண்ணை அழுத்தி விதவிதமான சத்தம் வைத்துக்கொள்ளும் ஒரு பழைய எலெக்ட்ரானிக் பேட் வாங்கினேன். கூடவே நாணயம் அளவில் ஒரு சென்சார். அதை டிரம்மின் தோலில் ஒட்டி வயரைப் பேடில் செருகினால், டிரம்மை அடிக்கும்போதெல்லாம் நாம் வைத்த சத்தமும் சேர்ந்து வரும். கைதட்டல், குதிரைக் குளம்பு, எது வேண்டுமானாலும்.

"தோல் லேசா அதிர்ந்தாப் போதும்ணே!" என்று கீபோர்டு செல்வம் அண்ணனிடம் அளந்தேன்.

"எதனால அதிர்ந்தாலுமாலே?" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அரங்கேற்றம் என் அக்காவின் கல்யாண வரவேற்பில். தாயில்பட்டியில் மாப்பிள்ளை வீட்டு முன்னால் பந்தல். அப்பாவிடம் கெஞ்சி வாங்கிய வாய்ப்பு. கைதட்டல் சத்தம் வைப்பதாக நினைத்து, பதற்றத்தில் அடுத்த எண்ணை அழுத்தியிருந்தேன். அது குழந்தை அழுகை.

பாடகர் மைக்கைப் பிடித்து, "மணமக்கள் பதினாறும் பெற்று..." என்று தொடங்கினார். அதே நேரம் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் வெளியே சரவெடியைப் பற்றவைத்தார்கள். அவர்கள் பட்டாசுக் கம்பெனி ஆட்கள்; கொண்டுவந்த சரம் சின்னதாகவா இருக்கும்? தரை அதிர்ந்தது. டிரம் அதிர்ந்தது. ஸ்பீக்கரில், "வீல்!"

ஒரு வெடிக்கு ஒரு குழந்தை. பந்தல் முழுக்கப் பிரசவ ஆஸ்பத்திரி ஆனது. நான் அடிக்கவில்லை என்று காட்ட இரண்டு குச்சிகளையும் தலைக்கு மேல் தூக்கினேன். கும்பிடு போடுவதாக நினைத்து யாரோ விசில் அடித்தார்கள். இந்தச் சத்தம் கேட்டு நிஜக் குழந்தைகளும் அழ ஆரம்பித்தன.

மாப்பிள்ளையின் அம்மா மேடைக்கடியில் குனிந்து தேடினார். "யாரு வீட்டுப் பிள்ளைய இங்கன விட்டுட்டுப் போயிட்டீக?"

பதறிப்போய் ஒரு வயரைப் பிடுங்கினேன். பாடகரின் மைக் செத்தது. அவர் வாய் அசைகிறது, குழந்தை அழுகிறது. அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சம்பந்தி வீட்டில் மானம் போயிற்று என்று எனக்கும் கண் கலங்கியது. செல்வம் அண்ணன்தான் ஓடிப்போய் மெயினை அணைத்தார்.

அந்த அமைதியில் அக்காவின் குரல் மட்டும் கேட்டது. "இன்னும் சாப்பிடக்கூட இல்ல, அதுக்குள்ள இம்புட்டுப் பிள்ளைகளா?"

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மாதான். பிறகு பந்தலே குலுங்கியது. அன்று மிச்ச நேரம் வெறும் டிரம்ஸ்தான் வாசித்தேன். ஜனங்கள் ஆடினார்கள்.

சில வருஷம் கழித்து என் மகள் பிறந்தபோது, பிரசவ அறைக்கு வெளியே குடும்பமே மூச்சைப் பிடித்து நின்றிருந்தது. உள்ளிருந்து முதல் அழுகை கேட்டது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அக்கா என் தோளைத் தட்டினாள்.

"தம்பி, வெளிய யாரும் வெடி போடுறாகளான்னு பாத்துட்டு வாடே."