அடுத்த பக்கத்துல இருக்குத்தா

ஆங்கிலம் தெரியாமல் அவமானப்பட்டவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. தெரிந்து தொலைத்ததால் தலைகுனிந்தவன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

கடற்கரைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் டெண்டர் எழுதுவது என் வேலை. மாமல்லபுரத்தில் வளையல் கடை வைத்திருந்த அத்தாவுக்கு, மகன் இங்கிலீஷ் எழுதிச் சம்பாதிக்கிறான் என்று ஏகப் பெருமை. எனக்கு அதைவிடப் பெருமை. முறையான ஆங்கிலத்தில் 'அண்ட்' வந்தால் கூடவே 'தட்'டையும் மறுபடி போட வேண்டும் என்பது என் கட்சி. விட்டாலும் பொருள் மாறாது. ஆனால் விட்டால் கௌரவம் என்னாவது? (சால்னாவில் உப்பு குறைவு என்பதைக்கூட மூன்று காரணங்களோடு சொல்பவன் நான்.)

அத்தாவைச் செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஒரு வாரம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். தம்பி சாதிக்குக்கு வளைகுடாவில் ஒரு கிடங்கில் வேலை. லீவு வேண்டுமானால் குடும்பத்திலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வர வேண்டும் என்றது கம்பெனி.

"நீயே எழுதுண்ணா, உன்ன வுட்டா யாரு கீறாங்க?" என்றான் போனில். போதாதா எனக்கு?

கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதினேன். அத்தா நோயுற்றிருக்கிறார் என்றும், அவருக்கு வயது எழுபத்தொன்று என்றும், ஒற்றை ஆளாகக் கடை நடத்தி இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார் என்றும், அவர் வளையல் மாட்டி எந்தப் பெண்ணின் கையும் கீறியதில்லை என்றும்... ஒவ்வொரு 'என்றும்'முக்கும் ஓர் 'அண்ட் தட்'. எல்லாம் ஒரே வாக்கியம். அதன் முற்றுப்புள்ளி இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

அத்தா தமிழில் சொல்லிக் காட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நான் இன்னும் மௌத்தாவல. அதுக்குள்ள சரித்திரமே எழுதிட்டியேடா" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பிறகு, "அதெல்லாம் கெடக்கட்டும். சின்னவன அனுப்பச் சொல்லி எங்க எழுதிகீற?" என்றார்.

"அடுத்த பக்கத்துல இருக்குத்தா."

"மொதல்ல போடக் கூடாதா?"

"அது மரியாதையா இருக்காதுத்தா." (டெண்டர் எழுதுகிறவனுக்கு வளையல்காரர் பாடம் எடுப்பதா!)

மறுநாள் ஈமெயிலில் பதில் வந்தது. கம்பெனி மேலாளர் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார் போலும். அத்தா விரைவில் குணமடைய வாழ்த்தி, ரோஜாப் பூங்கொத்துப் படம் ஒன்றும் அனுப்பியிருந்தார். லீவைப் பற்றி மூச்சே இல்லை. அதற்குள் அங்கே அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். அடுத்த இரண்டு நாள் வார விடுமுறை. சாதிக் போன் மேல் போன் போட்டுப் பார்த்தான், யாரும் எடுக்கவில்லை.

விடுமுறை முடிந்த காலையில் ஒரே வரி அனுப்பினேன்: 'தந்தை கடைசி நிலையில் இருக்கிறார், மகனை அனுப்புங்கள்.' அரை மணி நேரத்தில் லீவு கிடைத்தது. டிக்கெட் மட்டும் மறுநாள் இரவுக்குத்தான் கிடைத்தது.

அந்த மறுநாள் விடியலிலேயே அத்தா போய்விட்டார். மய்யித்தான உடலை வைத்துக்கொண்டு காத்திருக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அன்றைக்கே மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டோம். அடுத்த நாள் காலை வந்திறங்கிய சாதிக்கை நேராகக் கபர்ஸ்தானுக்கு அழைத்துப் போனேன். மண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அத்தா முகத்தை அவன் பார்க்கவில்லை. இனிப் பார்க்கவும் முடியாது.

அவன் உட்கார்ந்து அந்த மண்ணைத் தடவினான். என்னால் தாங்க முடியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நடந்தது இன்னான்னாடா, மொதல்ல டாக்டரு..." என்று ஆரம்பித்தேன்.

அம்மா அவனிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அழுதுகொண்டே கையைக் காட்டி நிறுத்தினான்.

"அடுத்த பக்கத்துக்கு வாண்ணா."

"என்ன மன்னிச்சிருடா" என்றேன். என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சிறிய வாக்கியம் அதுதான்.

இன்றும் நான் வாயைத் திறந்தால் போதும், என் மகள்வரை எல்லோரும் "அடுத்த பக்கம், அடுத்த பக்கம்!" என்று கத்துகிறார்கள். வீடே சிரிக்கிறது, நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அம்மாவும் சிரிப்பாள். சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொதல்லயே போட்டிருக்கலாமேடா" என்பாள்.